ஒரு மணி நேரச் சரிவு

ஜனவரி 6

என் பம்பரத்துக்கு அண்ணன் எழுதுறது.

நான் நல்லா இருக்கேன். அம்மாவோட முழங்கால் வலி எப்படி இருக்கு, நீ கடையில நேரத்துக்குச் சாப்பிடுறியான்னு எழுது.

ஒரு வருஷம் முடிஞ்சுபோச்சே, எப்போ வர்றேன்னு கேட்டிருந்தே. எனக்குப் பதிலா வர வேண்டிய எலக்ட்ரீசியன் இன்னும் வந்து சேரல. சுரங்கத்துல ஊறுற தண்ணியை ராப்பகலா இறைச்சுக்கிட்டே இருக்கணும். பம்பு ஹவுஸ் மூணு, பார்க்க ஆள் நான் ஒருத்தன். அதனால இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டு வர்றேன். அம்மாகிட்ட பக்குவமா சொல்லு.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். ஸ்டோர் ரூமுக்குப் பின்னாடி ஒரு பழைய மவுண்டன் பைக் கிடக்கு. எப்பவோ அளவெடுக்க வந்த இன்ஜினியர் விட்டுட்டுப் போனது. கியர் எல்லாம் துரு, டயர் வெடிச்சிருக்கு, பிரேக் ரப்பர் கல்லு மாதிரி இறுகிப்போச்சு. மேனேஜர்கிட்ட கேட்டேன். ஓட்டுற மாதிரி ஆக்கினா பம்பு ஹவுஸுக்குப் போக வர வெச்சுக்கோன்னார். முழுசா கழட்டி மறுபடி பூட்டப் போறேன். பூட்டுறப்பவே டிஸ்க் பிரேக் போட முடியுமா? வீட்டுல சைக்கிள் டாக்டரா தங்கச்சி நீ இருக்கிறப்போ நான் வேற யாரைக் கேக்க?

இந்த மலை மேல போன் எடுக்காது, தெரியும்ல. கடிதத்தை ஒட்டாம குடுத்தா போதும், ஆபீஸ்லயே ஒட்டி அனுப்பிடுறாங்க. பசை தேடுற வேலை எனக்கு மிச்சம்.

உன் கடை வாசல்ல பஞ்சர் வண்டி குறையாம நிக்கட்டும்.
அண்ணன்


ஜனவரி 19

அன்புள்ள அண்ணனுக்குப் பம்பரம் எழுதுறது. இங்க நானும் அம்மாவும் சுகம். அம்மா முழங்கால் மட்டும் மழைக்கு முன்னாடியே மழையைச் சொல்லிடுது.

கொஞ்ச நாள்னு நீ எழுதினதை அம்மாவுக்கு வாசிச்சேன். "அவன் கொஞ்சம்னு சொன்னா எவ்வளவுன்னு எனக்குத் தெரியாதா"ன்னு சொல்லிட்டு வேலையைப் பார்க்கப் போயிட்டாங்க. கோவம்தான். நீ வந்து சமாதானம் பண்ணிக்கோ.

வண்டி விஷயம். பழைய வண்டிக்கு டிஸ்க் போடுறது சட்டைக்குப் புதுப் பட்டன் தைக்கிற மாதிரி இல்ல. டிஸ்க்கைக் கவ்வுற காலிப்பரை மாட்ட ஃபிரேம்லயும் ஃபோர்க்லயும் காது மாதிரி ஒரு பிடி வேணும். அந்தக் காலத்து வண்டியில அது இருக்காது. சக்கரத்தோட நடு ஹப்லயும் டிஸ்க்கை முறுக்க ஓட்டை இருக்காது. ஆக முன் ஃபோர்க்கும் ரெண்டு சக்கரமும் மாத்தணும், பின்னாடி ஒரு காது பத்தவைக்கணும். ஃபிரேம்ல காந்தம் ஒட்டுதான்னு பாரு. ஒட்டினா இரும்பு, பத்தவைக்கலாம். ஒட்டலேன்னா ஆசையை விட்டுடு.

ஒண்ணு கேக்கிறேன். காம்பவுண்டுக்குள்ள சுத்துற வண்டிக்கு டிஸ்க் எதுக்கு? புது ரப்பர் போட்டா போதும். அதுவும் இல்லேன்னா செருப்பை ஊனினா நின்னுடும். நீ அப்படித்தானே ஸ்கூலுக்குப் போனே, மாசம் ஒரு செருப்பு தேய்ச்சுக்கிட்டு.

ஃபோர்க்கோட கழுத்து நீளம், சக்கர அளவு எல்லாம் எழுதி அனுப்பு. சட்டுனு பதில் போடு.
பம்பரம்


பிப்ரவரி 2

பம்பரத்துக்கு,

நலமா இருக்கேன், நீங்களும் அப்படியே இருக்கணும்.

காந்தம் ஒட்டுது. சும்மா இல்ல, பிடுங்கினாலும் வர மாட்டேங்குது. அளவு எல்லாம் பின்பக்கம் படம் போட்டிருக்கேன். பத்தவைக்க இங்க ஒரு வெல்டர் இருக்கார். எல்லாரும் அவரைப் பொறின்னுதான் கூப்பிடுறோம். ஆள் ஒல்லி, பேச்சு அதைவிட ஒல்லி. காதை எந்தக் கோணத்துல வைக்கணும்னு நீ படம் அனுப்பினா முடி அளவு பிசகாம வெச்சுத் தர்றேன்னு சொல்றார்.

டிஸ்க் எதுக்குன்னு கேட்டே. மூணாவது பம்பு ஹவுஸுக்குப் போற வழி கொஞ்சம் சரிவு. ஈரமும் உண்டு. அவ்வளவுதான்.

சும்மா தெரிஞ்சுக்கக் கேக்கிறேன். ஒரே சரிவா இறங்கிக்கிட்டே இருந்தா, நிக்காம ஒரு மணி நேரம்னு வெச்சுக்கோ, டிஸ்க் தாங்குமா, ரப்பர் பிரேக் தாங்குமா? அப்புறம், ரெண்டு பிரேக்கையும் வலது கை ஒண்ணாலயே பிடிக்க வழி உண்டா?

அம்மாகிட்ட என் கோவக்காரியைக் கேட்டேன்னு சொல்லு.
அண்ணன்


பிப்ரவரி 14

அண்ணனுக்கு,

நாங்க நல்லா இருக்கோம். அளவும் படமும் கிடைச்சுது. படம் நல்லா இருக்கு. நீ ஸ்கூல்ல இப்படிப் போட்டிருந்தா ஃபெயில் ஆகியிருக்க மாட்டே.

ரப்பர் பிரேக் ஒரு மணி நேரச் சரிவைத் தாங்காது. ரிம் சூடாகி உள்ள டியூப் வெடிக்கும். ஈரம் வேற இருந்தா ரப்பர் கரைஞ்சு வெறும் இரும்பு மிஞ்சும். டிஸ்க் தாங்கும், ஆனா பிடிச்ச பிடியா பிடிச்சுக்கிட்டே இறங்கினா அதுவும் காய்ஞ்சு வழுக்கிடும்.

ஒரு கையால ரெண்டையும் பிடிக்க, ரெண்டு கேபிள் இழுக்கிற லிவர்னு ஒண்ணு இருக்கு. தேடினா கிடைக்கும். ஆனா ஒரு கை பலம் ரெண்டாப் பிரிஞ்சு போகும். மேட்டுத் தெருவுக்குச் சரி, பெரிய சரிவுக்கு ஆகாது.

ஒரு மணி நேரம் இறங்குற மாதிரி இருக்கிற காம்பவுண்டு எவ்வளவு பெரிய காம்பவுண்டுன்னு கேக்கத் தோணுச்சு. எழுதி அடிச்சுட்டு மறுபடி எழுதியிருக்கேன். ஒரு கை எதுக்குன்னும் கேக்கணும்.

பழைய வண்டி ஒண்ணுல இருந்து கழட்டின ஃபோர்க்கும், ரெண்டு சக்கரமும், டிஸ்க் தட்டும் அனுப்புறேன். சாமான் லாரி டிரைவர் ஏத்திக்கிறேன்னு சொல்லிட்டார். முன்னாடி பெரிய தட்டு, பின்னாடி சின்னது.

அம்மா சொல்லச் சொன்னது: உடம்பைப் பார்த்துக்கோ.
நான் சொல்றது: கேட்டதுக்குப் பதில் எழுது.
பம்பரம்


மார்ச் 22

அன்புள்ள தங்கைக்கு,

நலம். நலமறிய ஆவல்.

தாங்கள் அனுப்பிய பொருட்கள் நல்ல நிலையில் கிடைத்தன. பணியிடத்தில் அனைத்து வசதிகளும் உள்ளன. நான் எனது சொந்த விருப்பத்தின் பேரிலேயே பணியைத் தொடர்கிறேன். தாயாரிடம் தெரிவிக்கவும். காலிப்பர் மற்றும் கேபிள்களை அனுப்பி வைக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் அண்ணன்

உங்கள் அண்ணன் நல்ல உழைப்பாளி. அவரைப் பற்றிக் கவலைப்பட ஏதுமில்லை. தேவையற்ற கேள்விகள் அவருக்கு மனச்சோர்வு தருகின்றன. – மேலாளர்


ஏப்ரல் 1

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்க நலம். அஞ்சு வாரமா தினமும் தபால்காரரை வழிமறிச்சேன். அவர் இப்போ எங்க தெருவைச் சுத்திப் போறார்.

மேனேஜர் சார் கைப்பட ரெண்டு வரி எழுதினது எங்களுக்குப் பெரிய ஆறுதல். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லு. இனிமே வண்டியைத் தவிர வேற எதுவும் கேக்க மாட்டேன்.

என்னை நீ 'தாங்கள்'னு எழுதினதை அம்மாவுக்கு வாசிச்சேன். சிரிப்பாங்கன்னு நினைச்சேன். சிரிக்கல. கடிதத்தை வாங்கி மடிச்சு முந்தானையில முடிஞ்சுக்கிட்டாங்க.

உன் கடிதம் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போய் ஒரு பெரிய மனுஷர்கிட்ட காட்டினேன். பொறுமையா எல்லாத்தையும் படிச்சார். "ஒவ்வொண்ணுலயும் நலம்னு எழுதியிருக்காரேம்மா. நலமா இருக்கிறவருக்காக நான் என்ன பண்றது"ன்னு கேட்டார். அவர் கேக்கிறதும் நியாயம்தானே. அவருக்கு எழுத்துல இருக்கணும்.

காலிப்பர் ரெண்டு, கேபிள் நாலு, டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற பேட் மூணு ஜோடி வருது. கம்பியில இயங்குறதுதான் அனுப்பியிருக்கேன். எண்ணெயில இயங்குறது வந்தா அங்க காத்து எடுக்க வழி இருக்காது. உன் பழைய லிவரே இதுக்குப் பொருந்தும். பின் காதைப் பத்தவைக்கிறதுக்கு முன்னாடி காலிப்பரைக் காதுல முறுக்கி, டிஸ்க்கை அதுக்கு நடுவுல நிறுத்தி, அப்புறம் ரெண்டு புள்ளி மட்டும் வைக்கச் சொல்லு. சக்கரம் உரசாம சுத்தினா முழுசா பத்தவைக்கலாம். அவசரப்பட்டு ஒரே இழுப்பா இழுத்தா சூட்டுல ஃபிரேம் கோணிக்கும்.

நீ கேட்ட ரெண்டு கேபிள் லிவரும் இருக்கு. ஏன்னு கேக்கல.
பம்பரம்


ஏப்ரல் 20

பம்பரத்துக்கு,

நலம்.

வண்டி எழுந்து நின்னுடுச்சு. பொறி பத்தவைச்ச இடத்தை நீ பார்க்கணும், மீன் செதில் அடுக்கின மாதிரி இருக்கு. ஆனா பிரேக் பிடிச்சா பன்னி கத்துற மாதிரி ஒரு சத்தம். சுரங்கத்துக்குள்ள இருக்கிறவங்க கூட தலையை வெளிய நீட்டிப் பார்க்கிறாங்க. நான் கிரீஸ் கையோட டிஸ்க்கைத் தொட்டுட்டேன் போல. என்ன பண்ணணும்?

நேத்து மேனேஜரே ஏறி மைதானத்தைச் சுத்தினார். ரொம்பப் பிடிச்சுப்போச்சு. ஜூன் முதல் வாரம் லீவுல போறப்போ தன்னோட எடுத்துட்டுப் போறதா சொல்லியிருக்கார். நல்ல இடத்துக்குத்தான் போகுது.

ஒரு கை லிவர் போட்டுப் பார்த்தேன். மூணாவது பம்பு ஹவுஸ் சரிவுல நிக்கல. புதர்ல போய்த்தான் நின்னேன். சிராய்ப்புதான், பயப்படாதே. நீ சொன்னது சரி. பழையபடி ரெண்டு லிவரா மாத்திட்டேன். எனக்கு இந்த வண்டி தோதுப்படாது போலிருக்கு. பொறி நல்லா ஓட்டுறார். கல்யாணத்துக்கு முன்னாடி சைக்கிள்ல வீடு வீடா பால் போட்டவராம்.

அம்மாவுக்கு என் அன்பு.
அண்ணன்


ஏப்ரல் 30

அண்ணனுக்கு,

இங்க எல்லாம் வழக்கம்போல.

சத்தத்துக்கு வைத்தியம்: பேட் முகத்தை உப்புத்தாள்ல தேய். டிஸ்க்கை ஸ்பிரிட் போட்டுத் துடை, அப்புறம் கையால தொடாதே. அதுக்கும் கத்தினா புது பேட் மாத்து. மாத்தினதும் பழக்கணும். மிதமான வேகத்துல போய், அழுத்திப் பிடிச்சு, நிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி விடு. இருபது தடவை இப்படிப் பண்ணினாத்தான் பேட் டிஸ்க்கோட ஒட்டி உறவாடும்.

ஓட்டுறவர் யாரா இருந்தாலும் இதைச் சொல்லு. வளைவுக்கு முன்னாடியே பிடிக்கணும், வளைவுக்குள்ள பிடிக்கக் கூடாது. அழுத்தணும், விடணும், அழுத்தணும், விடணும். பிடிச்சபடியே இறங்கக் கூடாது. லிவர் கைப்பிடி வரைக்கும் வந்து ஒட்டுச்சுன்னா நிறுத்தி ஆற விடணும். ஆத்திர அவசரம்னாலும் ஆற விடணும். முன் சக்கர நட்டை ரெண்டு தடவை சோதிக்கச் சொல்லு, டிஸ்க் பிடிக்கிற பலத்துல சக்கரமே கழண்டுக்கும்.

கடையைப் பத்து நாள் சாத்திட்டு, மே இருபதுல இருந்து அத்தை வீட்டுல இருக்கப் போறேன். அத்தை வீட்டை மறந்திருக்க மாட்டே. நீ வேலைக்குக் கிளம்பின அன்னிக்கு எனக்குக் குடை வாங்கிக் குடுத்தியே, அந்தக் கடைக்கு எதிர் வீடு. பகல் பூரா வாசல்லதான் உக்காந்திருப்பேன். அத்தைக்குப் பேச்சுத் துணைக்கு ஆள் இல்ல.

நீ விழுந்ததை அம்மாகிட்ட சொல்லல.
பம்பரம்


மே 12

பம்பரத்துக்கு,

நலம். வண்டி இப்போ சத்தமே போடல. பொறி இருபது தடவைக்கு நாப்பது தடவை பழக்கிட்டார்.

அத்தையை ரொம்பக் கேட்டதா சொல்லு. அவங்க வயசுக்கு வெயில்ல வாசல்ல உக்கார வேண்டாம், நிழல்ல உக்காரச் சொல்லு. அத்தை ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துல தூங்க மாட்டாங்கன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

அண்ணன்


மே 23, சனிக்கிழமை

என் பம்பரத்துக்கு,

இதைக் குடுக்கிறவர்தான் பொறி. முதல்ல அவருக்குத் தண்ணி குடு, அப்புறம் படி.

நான் நல்லா இல்ல. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, இந்த வாக்கியத்தை எழுத.

இங்க பதினாறு பேர் இருக்கோம். ஒருத்தரும் சொந்த விருப்பத்துல இல்ல. எங்க அடையாளச் சீட்டு, வேலை ஒப்பந்தம் எல்லாம் ஆபீஸ் பீரோவுல. வேலைக் காலம் முடிஞ்சதும் அடுத்த மாசம் போகலாம்னு சொல்வாங்க. அந்த அடுத்த மாசம் வந்ததே இல்ல. ரெண்டு பேர் நடந்து இறங்கினாங்க. ஜீப் போய் ஏத்திட்டு வந்துச்சு. அவங்களை என்ன பண்ணினாங்கன்னு எழுதல. அவங்க இப்பவும் இங்கதான் வேலை செய்யுறாங்க, யார்கிட்டயும் பேசுறதில்ல.

ஒரு கை ஏன்னு கேட்டே. போன வருஷம் ஆகஸ்டுல பம்பு பெல்ட்டுல என் இடது கை மாட்டிக்கிச்சு. நடு விரலும் மோதிர விரலும் போச்சு. மத்தது இருக்கு, ஆனா மடங்காது. ஆஸ்பத்திரிக்கு இறக்கினா கேள்வி வரும்னு இங்கயே கட்டுப் போட்டாங்க. சமையல்காரர்தான் கட்டினார். அம்மாவுக்கு எப்படி எழுதன்னு தெரியல, அதனால எழுதவே இல்ல.

இந்த வண்டியை நான் எனக்காகத்தான் செஞ்சேன். அதை மறைக்க மாட்டேன். ஒவ்வொரு நட்டை முறுக்கும்போதும் நான் வீட்டுக்கு இறங்கி வந்துக்கிட்டிருந்தேன். லிவர் பிடிபடலேன்னு தெரிஞ்ச அன்னிக்கு பம்பு ஹவுஸ்ல கதவைச் சாத்திக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். அப்புறம் உன் பழைய கடிதம் ஞாபகம் வந்துச்சு, எழுத்துல இருக்கணும்னு. நலம் நலம்னு எழுதி என்னை நானே பூட்டிக்கிட்டேன்னு அப்போதான் புரிஞ்சுது. இறங்க வேண்டியது நான் இல்ல, ஒரு தாள்.

"நான் ஓட்டுறேன்"னு பொறி சொன்னார். "அந்தக் காதைப் பத்தவைச்சது நான். விட்டுப்போச்சுன்னா என் எலும்புதான் உடையணும், உங்களது இல்ல." அவர் அவ்வளவு நீளமா பேசி நான் கேட்டது அன்னிக்குத்தான்.

நமக்கு அத்தையே கிடையாதுங்கிறது நல்லவேளை மேனேஜருக்குத் தெரியாது. குடை வாங்கின கடை மலை அடிவாரத்துல, பஸ் நிக்கிற இடத்துலன்னு படிச்சதும் புரிஞ்சுது.

நாளைக்கு மத்தியானம், மேனேஜர் தூங்குற நேரம். பொறி மூணாவது பம்பு ஹவுஸ்ல குழாய் பத்தவைக்கணும்னு வண்டியை எடுப்பார். அது கேட்டுக்குப் பக்கத்துல. நான் மெயின் கரண்டை அறுக்கணும். அறுத்தா சங்கு ஊதாது, பாதி வழியில இருக்கிற காவல் சாவடிக்கு ஆபீஸ் வயர்லெஸ் பேசாது. சாவடிக்காரன் வழக்கம்போல சீட்டாடிக்கிட்டு இருப்பான். ரோட்டை மறிக்கிற கட்டைக்குக் கீழ குனிஞ்சு போயிடலாம். அதனால யாராவது ஒருத்தர் மேல இருந்தே ஆகணும். கரண்டு தெரிஞ்சவன் நான்தான்.

கூட இருக்கிற தாள்ல பதினாறு பேர் பேரும், ஊரும், கைநாட்டும் இருக்கு. அந்தப் பெரிய மனுஷர்கிட்ட குடு.

அம்மாகிட்ட கை விஷயத்தை மட்டும் நான் வந்து சொல்லிக்கிறேன்.
அண்ணன்


ஜூன் 2

அண்ணா,

சுகமான்னு கேக்க எனக்குத் துணிச்சல் இல்ல. நேரா எழுதுறேன்.

பொறி வந்துட்டார். ஞாயிற்றுக்கிழமை மூணு மணிக்கு நான் அந்தக் கடை எதிர்ல உக்காந்திருந்தப்போ, மேல இருந்து ஒருத்தர் சேறு பூசின மாதிரி வந்து என் முன்னாடி நின்னார். ஒரு காலை ஊனினார், இறங்க முடியல. விரல் லிவர்ல இருந்து பிரியல. ஒவ்வொரு விரலா நான்தான் பிரிச்சு விட்டேன்.

"நீங்கதான் அத்தையா?"ன்னு கேட்டார்.

"அத்தை வீட்டுப் பொண்ணு"ன்னேன். அப்புறம் ரெண்டு பேரும் ரோட்டு ஓரத்துல உக்காந்து அழுதோம்.

நாலு தடவை நிறுத்தி ஆற விட்டாராம். மூணாவது தடவை நிறுத்தினப்போ மேல ஜீப் சத்தம் கேட்டுச்சாம். கிளம்பிடலாமான்னு நினைச்சாராம். "ஆத்திர அவசரம்னாலும் ஆற விடணும்னு நீங்க எழுதினதா உங்க அண்ணன் பத்து தடவை சொல்லியிருந்தார், அதனால புதருக்குள்ள படுத்துக்கிட்டேன்"னார். ஜீப் தாண்டிப் போய், திரும்பி மேல போன பிறகு, ஆடு இறங்குற ஒத்தையடிப் பாதையில இறங்கினாராம். முன் பேட் முழுசா தேஞ்சு வெறும் தகடு. டிஸ்க் சூட்டுல நீலமாயிடுச்சு. பத்தவைச்ச காது அப்படியே இருக்கு.

தாளை அந்த அதிகாரிகிட்ட குடுத்தேன். தொழிலாளர் ஆபீஸ்ல இருக்கிறவர், நான் முன்னாடி எழுதினேனே, அவர்தான். இந்தத் தடவை அவர் எதுவும் கேக்கல. எழுந்து நின்னு போன் பண்ணினார்.

வியாழக்கிழமை போலீஸோட மேல போனாங்க. பதினாலு பேரைக் கூட்டிட்டு வந்தாங்க. ஒவ்வொரு வண்டியா வந்து நிக்க, நான் ஒவ்வொரு முகமா பார்த்தேன். நீ இல்ல.

நீ லீவுல போயிட்டேன்னு மேனேஜர் சொன்னாராம். நீ கையெழுத்துப் போட்ட லீவு விண்ணப்பத்தையும் காட்டினாராம். அதை எனக்கும் காட்டினாங்க. "இது உங்க அண்ணன் கையெழுத்துதானா?" உன் கையெழுத்துதான். கோணல் இல்ல, நடுக்கம் இல்ல. வலது கையாவது நல்லா இருக்குன்னு அதைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

"லீவுல போனவர் வீட்டுக்குத்தானே வந்திருக்கணும்?"னு கேட்டேன். அதிகாரி கண்ணாடியைக் கழட்டி மேஜைமேல வெச்சுட்டு வெச்ச இடத்தையே பார்த்துக்கிட்டிருந்தார்.

நாளைக்கு மறுபடி போறாங்க. மேல எந்தெந்த ரூமுக்கு வெளிப்பக்கம் பூட்டு இருக்குன்னு பொறிக்குத் தெரியும். அவரும் போறார். அவர் சட்டைப் பையில இந்தக் கடிதம் இருக்கும். என்னை வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க. நான் இங்கயே உக்காந்திருக்கேன்.

கை விஷயத்தை அம்மாகிட்ட சொல்லிட்டேன். மன்னிச்சுக்கோ. எனக்கு மட்டும் தெரிஞ்சு வெச்சுக்க முடியல. அம்மா ஒண்ணுதான் கேட்டாங்க, "சாப்பிடுறது எந்தக் கை?"

பதில் எழுத வேண்டாம். வந்தா போதும்.
பம்பரம்


ஜூன் 28

என் பம்பரத்துக்கு அண்ணன் எழுதுறது.

அடிவாரத்துல நீ என்னைப் பார்த்தது அரை மணி நேரம்தான். அதுல பாதி நேரம் நான் பேசவே இல்ல. அதுக்கப்புறம் விசாரணை முடியுற வரைக்கும் எங்க எல்லாரையும் இந்த அரசு விடுதியில தங்க வெச்சுட்டாங்க. அதனால மீதியை எழுதுறேன்.

கரண்டு போனதும் மேனேஜர் கத்தல. என்னைக் கூப்பிட்டு, "எவ்வளவு நேரத்துல சரி பண்ணுவே?"ன்னு கேட்டார். பொறி நேரத்துக்கு இறங்கியிருப்பாரான்னு மனசுல கணக்குப் போட்டு, ஒரு மணி நேரம் ஆகும்னேன். அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். ஜீப்பை அனுப்பினது அப்போதான். அப்புறம் ஸ்டோர் ரூம் சாவியை எடுத்துட்டு வரச் சொன்னார். நானே போய் எடுத்துட்டு வந்து அவர் கையில குடுத்தேன். அதை நினைச்சாத்தான் இன்னிக்கும் தூக்கம் வரல. என்னைப் பூட்ட நானே சாவி எடுத்துக் குடுத்திருக்கேன். லீவு விண்ணப்பமும் அப்படித்தான். எழுதச் சொன்னார், எழுதினேன்.

பத்து நாள் உள்ள இருந்தேன். முதல் தடவை போலீஸ் வந்த சத்தம் கேட்டுச்சு. கத்தியிருக்கலாம். குரல் வரல. பயந்து இல்ல. கூப்பிட்டா யாராவது வருவாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல. ரெண்டாவது தடவை பொறி கதவைத் தட்டி, "அத்தை அனுப்பினாங்க"ன்னார். அப்போதான் குரல் வந்துச்சு.

மேனேஜரைக் கைது பண்ணியிருக்காங்க. அவருக்கு மேல இருக்கிற முதலாளிங்க பேரை அவர் இன்னும் சொல்லலையாம். வண்டியையும் ஸ்டேஷன்ல சங்கிலி போட்டு வெச்சிருக்காங்க, சீட்டுல ஒரு நம்பர் எழுதித் தொங்குது. சாட்சிப் பொருளாம். பொறி வாரத்துக்கு ஒரு தடவை போய், துரு பிடிக்காம செயினுக்கு எண்ணெய் விட்டுட்டு வர்றார். கான்ஸ்டபிள் ஒண்ணும் சொல்றதில்ல.

டாக்டர் கையைப் பார்த்தார். ஆபரேஷன் பண்ணினா மத்த விரல் கொஞ்சம் மடங்கலாம்னார்.

விடுதி கேட்டு எப்பவும் திறந்தேதான் இருக்கு. முந்தாநாள் வாட்ச்மேன்கிட்ட போய், "தெருமுனை வரைக்கும் போயிட்டு வரட்டுமா?"ன்னு கேட்டேன்.

"என்கிட்ட ஏன்யா கேக்கிறே? போயேன்"னார்.

போக முடியல. ரூமுக்குத் திரும்பிட்டேன். பொறியும் அப்படித்தான்னு ராத்திரி சாப்பிடறப்போ சொன்னார். பதினஞ்சு மைல் சரிவுல இறங்கினவர், தெருவைத் தாண்டி சோப்பு வாங்க என்னைத் துணைக்குக் கூப்பிடுறார். நேத்து ரெண்டு பேரும் சேர்ந்து போனோம். யாரும் கூப்பிடல, யாரும் பின்னாடி வரல. சோப்பு வாங்கிட்டு ரொம்ப நேரம் கடை வாசல்லயே நின்னோம்.

இன்னிக்குத் தனியா போனேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும். ரெண்டு தடவை பாதியில திரும்பி வந்தேன், மூணாவது தடவை போயிட்டேன். விசாரணைக்கு அடுத்த மாசம் வந்தா போதும்னு அதிகாரி எழுதிக் குடுத்துட்டார். அடுத்த மாசம்னு அவர் சொன்னதும் என் முகம் மாறினதைப் பார்த்து, தேதியையும் போட்டுக் குடுத்தார். நல்ல மனுஷன்.

வியாழக்கிழமை காலை வண்டிக்கு டிக்கெட் எடுத்திருக்கேன். பஸ் ஸ்டாண்டுக்கு வராதே. அம்மாவையும் கூட்டிட்டு வராதே. தெருவுல நான் தனியா நடந்து வரணும். வழியில எங்கயாவது நின்னுட்டாலும் கொஞ்ச நேரம் கழிச்சு வந்துடுவேன். வீட்டுக் கதவை மட்டும் சாத்தாம வைங்க.

அண்ணன்